கையை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம்?

உடம்பின் மேலோ சற்றுத் தள்ளியோ கை வைத்துச் ‘சக்தி’ செலுத்துவதாகச் சொல்லும் ரெய்கி, பிராணிக் ஹீலிங் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

அம்மைக்கு 62 வயது. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) முப்பது வருஷம் குத்தவைத்து உட்கார்ந்து தேய்ந்த முட்டு (முழங்கால்). டாக்டர் மாத்திரையும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார். நான் ரெய்கி முதல் நிலை முடித்திருக்கிறேன். முட்டில் மட்டும் கை வைத்தால் போதுமா? – வாசகி, தக்கலை

முட்டில் மட்டும் வைப்பதில் தவறில்லை. ஆனால் வலியோடு வருஷக்கணக்கில் இருப்பவருக்கு முட்டைவிட உறக்கமும் இறுகிப்போன தோளும்தான் முதலில் இளக வேண்டியவை. அதனால் தலையிலிருந்து தொடங்குங்கள். கண், நெற்றியின் இரு பக்கப் பொட்டு, பின்தலை, தொண்டை. பிறகு நெஞ்சு, மேல்வயிறு, தொப்புள், அடிவயிறு. குப்புறப் படுக்க முடிந்தால் தோள், தோள்பட்டை எலும்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே. ஆக 12 இடம். ஓர் இடத்துக்கு 3 நிமிடம் என்றால் 36 நிமிடம். கடைசியாக ஒவ்வொரு முட்டிலும் ஒரு கை மேலே, ஒரு கை மடக்கின் அடியில் வைத்து 10 நிமிடம். குப்புறப் படுக்க முடியாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நாற்காலியில் உட்காரவைத்தே முதுகுக்கு வைக்கலாம்.

விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை லேசாகக் குழித்து, இலை விழுந்த கனத்தில் வையுங்கள். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். பத்து நிமிடம் கழிந்ததும் களைப்பில் உங்கள் முழங்கையின் பாரம் முழுவதும் அவர் மேல் இறங்கிவிடும். தொண்டையில் கை படவே கூடாது, ஓர் அங்குலம் தள்ளியே இருக்கட்டும். கயிற்றுக் கட்டில் தாழ்வாக இருந்தால் குனிந்து நிற்காமல் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். இல்லையென்றால் அம்மைக்கு முட்டுவலி, உங்களுக்கு நடுவலி. அம்மையின் முட்டுக்கு அடியில் சுருட்டிய போர்வை ஒன்று. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். தைலம் தேய்த்திருந்தால் துடைத்துவிடுங்கள். தைலத்தின் எரிச்சலை ‘சக்தி பாய்கிறது’ என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு.

முட்டு சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால் அன்றைக்குக் கை வைக்க வேண்டாம். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், தடவவே கூடாது. இரண்டுக்கும் ஆஸ்பத்திரிதான். மற்ற நாட்களில் டாக்டர் சொன்ன தொடைப் பயிற்சியை முடித்துவிட்டு இதைச் செய்யுங்கள். தேய்ந்த முட்டைத் தாங்கிப்பிடிப்பது அந்தத் தொடைத் தசை. ரெய்கி தருவது ஓய்வு.

முடிந்து எழுந்ததும் அப்பாவுக்குத் தலை சுற்றியது. ‘கழிவு வெளியேறுகிறது’ என்றார் ஆசிரியை. உண்மையா? – வாசகர், குளச்சல்

ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் அதிகம். ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு எழட்டும். அதற்குப் பிறகும் சுற்றினால் பிரஷரும் சுகரும் பார்க்க வேண்டும். கழிவு என்று பெயர் வைத்துக் காத்திருக்கக் கூடாது.

மகன் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறான், உறக்கமில்லை என்கிறான். போட்டோவை வைத்துத் தூரத்திலிருந்தே அனுப்பலாம் என்கிறார்கள். எப்படிச் செய்வது? உண்மையிலேயே போய்ச் சேருமா? – வாசகி, மார்த்தாண்டம்

செய்முறை முதலில். தூர ரெய்கி இரண்டாம் நிலையில்தான் சொல்லித்தரப்படுகிறது. மகனிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். சவூதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 12 என்றால் அங்கே ஒன்பதரை. நீங்கள் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் அவன் அப்போதுதான் வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருப்பான். அவன் படுத்திருக்கும் நேரமாகப் பாருங்கள். போட்டோவை உள்ளங்கைகளுக்கு நடுவே பிடிப்பது ஒரு வழி. இன்னொன்று, உங்கள் முழங்காலை அவன் தலையாகவும் தொடையை உடலாகவும் பாவித்து, வலது தொடையில் முன்பக்கம், இடது தொடையில் பின்பக்கம் என்று கை வைப்பது. தொலைவுக்கு உரிய குறியீடு ‘ஹோன் ஷா ஸே ஷோ நென்’. அதை மனதில் வரைந்து, அவன் பெயரைச் சொல்லி, 15 முதல் 20 நிமிடம்.

போய்ச் சேருமா? நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறோம்: அப்படி ஒரு சக்தி போகிறது என்பதற்குச் சான்று இல்லை. 2006ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரில் ஒரு பகுதியினருக்காக முகம் தெரியாதவர்கள் தூரத்திலிருந்து பிரார்த்தித்தார்கள். ‘உங்களுக்காக நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம்’ என்று சொல்லப்பட்டவர்களில், பிரார்த்தனை நடந்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் நடக்காதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல் வந்தது. ‘உங்களுக்காக நிச்சயம் நடக்கிறது’ என்று தெரிந்தவர்களிடம் அது 59. அது பிரார்த்தனை, ரெய்கி அல்ல. ஆனாலும் தூரத்திலிருந்து குணமாக்குவதைப் பற்றிப் பேசும்போது அதை ஒதுக்கிவிட முடியாது.

எங்கள் கருத்து, மகனுக்குக் கிடைப்பது வேறொன்று. அம்மை தனக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்து, அந்த இருபது நிமிடம் போனை அணைத்துவிட்டுக் கிடப்பான். மறுநாள் ‘குளுகுளுவென்று இருந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகள் அம்மைக்காக ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘எத்தனை மணிக்கு உறங்கினாய்?’ என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் உறக்கம் வராவிட்டால் அங்கேயே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கை வைக்கும்போது என் உள்ளங்கை கொதிக்கிறது. அது சக்திதானே? – வாசகர், குழித்துறை

அசையாமல் தோலோடு தோல் ஐந்து நிமிடம் இருந்தால் சூடு சேரும். கவனம் முழுவதும் கையில் இருப்பதால் கூடுதலாகவும் தெரியும். எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி பள்ளித் திட்டத்துக்காக ஒரு சோதனை செய்தாள். கையால் சக்தி உணர்வதாகச் சொன்ன 21 பேர் தடுப்புக்கு அப்பால் இரு கைகளையும் நீட்ட, அவள் ஒன்றின் மேல் மட்டும் தன் கையைப் பிடித்தாள். எந்தக் கை என்று 280 முறை கேட்டதில் 123 முறைதான் சரி. சுண்டிப்போட்ட காசே அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்கும். 1998ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது அது. சூடு பொய்யல்ல, அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கப் புறப்படுவதுதான் தவறு.

பிராணிக் ஹீலிங்கில் உப்புத் தண்ணீர் எவ்வளவு? எங்கே கொட்டுவது? – வாசகி, இரணியல்

மணிலாவின் சோவா கோக் சூய் வகுத்த இந்த முறையில் உடம்பைத் தொடுவதில்லை. சில அங்குலம் தள்ளிக் கையால் வழித்து, வழித்தெடுத்ததாகச் சொல்லும் கெட்ட சக்தியை உப்புத் தண்ணீரில் உதறுவார்கள். கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றிப்போடும் நம் வீட்டுப் பாட்டிமாருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு போதும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரமாக இருக்கட்டும், அலுமினியம் அரிக்கும். கழிப்பறையில் கொட்டலாம். தென்னை மூட்டில் ஊற்றினாலும் தென்னை தாங்கும், கறிவேப்பிலையும் நல்லமிளகுக் கொடியும் தாங்காது. கையைச் சுத்தமாக்கத் தெளிக்கும் ஸ்பிரிட் பாட்டிலை விளக்கு, ஊதுபத்தி இருக்கும் அறையில் திறக்கவே வேண்டாம்.

வர்மமும் ரெய்கியும் ஒன்றா? – வாசகர், திருவட்டார்

இல்லை. வர்மத்தில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அத்தனை ஆபத்தில்லாத தொடுவர்மம் 96 என்று இடக்கணக்கும், மாத்திரை என்ற அளவில் கால், அரை, முக்கால், ஒன்று என்று அழுத்தக் கணக்கும் உண்டு. தவறினால் காயப்படுத்தும். ரெய்கியில் அழுத்தமே இல்லை. வர்மம் சித்த மருத்துவத்தின் பகுதி. 1922ல் ஜப்பானில் மிகாவோ உசுயி தொடங்கிய ரெய்கி, அரசு ஏற்றுள்ள ஆயுஷ் மருத்துவ முறைகளில் இல்லை. ஆசானிடம் படித்த வர்மத்தை ரெய்கியோடு கலந்து வார இறுதி வகுப்பு எடுப்பவர்களிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

பத்து அமர்வில் சர்க்கரையைக் குணமாக்குவதாகவும், இன்சுலினை நிறுத்தலாம் என்றும் நோட்டீஸ் வந்தது. போகலாமா? – வாசகர், ஆரல்வாய்மொழி

வேண்டாம். இன்சுலின் தேவைப்படுபவர் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.