காயலான் கடைக்கு ஸ்பேனரோட போறீங்களா? வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

போன மாசம் பழைய கார் பார்ட்ஸ் பத்தி ரெண்டு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடிதாசி எல்லாம் ஒரே விசயத்த சுத்தித்தான் இருக்கு, காயலான் கடைல நாமளே போய் கழட்டி எடுக்கலாமா, எத எடுக்கலாம், எத தொடவே கூடாதுன்னு. பாளையங்கோட்டைல முப்பது வருசமா ஒர்க் ஷாப் வச்சிருக்கேன், அனுபவத்துல தெரிஞ்சத சொல்லுதேன்.

அண்ணாச்சி, என் மச்சினன் அமெரிக்கால இருக்கான். அங்க கேட்ல ரெண்டு மூணு டாலர் கட்டிட்டு நம்ம டூல்ஸோட உள்ள போயி வேணுங்கிற பார்ட்ட நாமளே கழட்டிக்கிடலாம்னு சொல்லுதான். நம்ம ஊர்ல அப்படி உண்டா?
– வாசகர், ஆலங்குளம்

உங்க மச்சினன் சொன்னது சரிதான். அங்க பெரிய மைதானம் மாதிரி இடத்துல கம்பெனி வாரியா வண்டிய வரிசையா நிறுத்தியிருப்பாங்க, பழைய ரிம்ம ஒண்ணோட ஒண்ணு வெல்டு பண்ணி ஸ்டாண்டு மாதிரி அடில குடுத்து தூக்கி வச்சிருப்பாங்க, ஆயில் பெட்ரோல் ஏசி கேஸ் எல்லாம் முன்னாடியே இறக்கிருவாங்க. விலையும் போர்டுல இருக்கும், கதவுன்னா இவ்வளவு, பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோன்னா இவ்வளவு, எந்த வண்டியா இருந்தாலும் பெரும்பாலும் ஒரே ரேட்டு.

நம்ம பக்கம் அந்த மாதிரி ஏற்பாடு கிடையாது. கடைப் பையங்கதான் கழட்டித் தருவாங்க, அவங்களுக்கு வேகம் முக்கியம், வயர வெட்டிருவாங்க, கிளிப்ப உடைச்சிருவாங்க, போல்ட்டு எங்கயோ மண்ணுல கெடக்கும். அதனால ஊருக்கு வெளிய பைபாஸ் ஓரம் பழைய வண்டிய முழுசா நிறுத்தி வச்சிருக்குற யார்டுக்கு கூட்டம் இல்லாத நேரமா போயி, "அண்ணாச்சி, நானே பதமா கழட்டிக்கிடுதேன், கூலி மிச்சம் உங்களுக்கு"ன்னு கேளுங்க, முக்கால்வாசி பேரு சரின்னுருவாங்க. மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு போனா எல்லாம் கிடைக்கும், ஆனா அங்க கழட்டி அடுக்கி வச்ச பார்ட்டத்தான் பாக்கலாம், அது எந்த வண்டில இருந்துச்சுன்னு பாக்க முடியாது. நான் வண்டிய பாக்கணும்னு சொல்லுத ஆளு. ஏன்னு அடுத்த பதில்ல வருது.

காயலான் கடைங்கிற பேரே நம்ம காயல்பட்டினத்துல இருந்து போனதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அந்த ஊர்க்காரங்க மெட்ராஸ்ல பழைய இரும்பு யாவாரம் பண்ணதால வந்த பேராம்.

என்கிட்ட 2006 மாடல் ஆம்னி இருக்கு, டைனமோ போயிட்டு. புதுசு வாங்க வசதி இல்ல. பழசு எடுத்தா ஏமாந்துருவோமோன்னு பயமா இருக்கு. எப்படி பாத்து எடுக்கணும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

தம்பி, பார்ட்ட பாக்கதுக்கு முன்னாடி வண்டிய பாருங்க. அந்த வண்டி எதுனால செத்துச்சுன்னு கண்டுபிடிங்க. பின்னாடி லாரி இடிச்சு நொறுங்கின வண்டின்னா இடிபடுத நிமிசம் வரைக்கும் அது ரோட்டுல ஓடிட்டுதான் இருந்திருக்கு, முன்பக்கம் டைனமோ, வண்டிய ஸ்டார்ட் பண்ற செல்ப் மோட்டார், ரேடியேட்டர் எல்லாம் பெரும்பாலும் நல்லாருக்கும். எஞ்சின் சீஸ் ஆகி, அதாவது சுத்தாம இறுகிப் போயி வந்த வண்டின்னா எஞ்சினோட ஒட்டுனத விட்டுட்டு கதவு, கண்ணாடி, வைப்பர் மோட்டார், சீட்டுன்னு போங்க. வெளிய ஒரு அடியும் இல்ல, சீட்டெல்லாம் நஞ்சு போயிருக்கு, நாலு டயரும் வழுக்கைன்னா அது உழைச்சு தேஞ்ச வண்டி, அதுல இருக்க எல்லாமே அதே அளவு தேஞ்சிருக்கும். பானெட்ட திறந்து பாத்தா எல்லாம் பழசா இருக்கும்போது ஒரே ஒரு பார்ட் மட்டும் புதுசா மின்னுதா, அது சாகதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி மாத்தினது, அதத்தான் முதல்ல எடுக்கணும். இதெல்லாம் கழட்டி அடுக்கின கடைல தெரியுமா சொல்லுங்க.

ஆம்னிக்கு நம்ம ஊர்ல பார்ட் பஞ்சமே வராது. 1984ல இருந்து 2019 வரைக்கும் வந்த வண்டி, அதே கம்பெனியோட மாருதி 800 காரு 1983 டிசம்பர்ல வந்து 2014 வரைக்கும் ஓடுச்சு, ரெண்டுலயும் 796 சிசி மூணு சிலிண்டர் எஞ்சின்தான். ஆனா கார்புரேட்டர் மாடல், எம்பிஎப்ஐ (பெட்ரோல இன்ஜெக்டர் வழியா பீச்சுத) மாடல்னு நடுவுல மாறினது இருக்கு, அதனால வாய் வார்த்தைய நம்பாதீங்க, போன பழைய டைனமோவ கழட்டி சாக்குல போட்டு கையோட கொண்டு போங்க. பக்கத்துல பக்கத்துல வச்சு மவுண்டிங் ஓட்டை தூரம், புல்லி பள்ளம், கப்ளர் (வயர் மாட்டுத பிளக்கு) ஷேப்பு மூணையும் ஒத்துப் பாருங்க. இன்னொரு லாபமும் இருக்கு, உங்க வண்டில ஒரு தடவ கழட்டிட்டீங்கன்னா யார்டுல வெயில்ல நின்னு எந்த போல்ட்டு எங்க இருக்குன்னு தடவ வேண்டாம். ஆம்னில எஞ்சின் முன்சீட்டுக்கு அடில இருக்கதால கை நுழையுறது சிரமம், வாய்ப்பு இருந்தா 800லயே எடுங்க, பானெட்ட தூக்கினா கண்ணு முன்னாடி இருக்கு.

பேட்டரி இருந்தா முதல்ல மைனஸ் வயர கழட்டிருங்க. கப்ளர் லாக்க பெருவிரலால அமுக்கிட்டு இழுங்க, வயர பிடிச்சு இழுக்கக் கூடாது, லாக்கு வரலேன்னா வயர ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி கப்ளரோட சேத்தே எடுத்துக்கிடுங்க. மேல பெல்ட்டு டைட் பண்ற போல்ட்ட லூஸ் பண்ணி டைனமோவ எஞ்சின் பக்கம் தள்ளினா பெல்ட்டு தானா தொங்கிரும், பொறவு கீழ நீள போல்ட்டு. 10, 12, 14 ஸ்பேனர் மூணும் இருந்தா பெரும்பாலும் போதும். கழட்டின உடனே புல்லிய கையால சுத்தி காதுகிட்ட வச்சு கேளுங்க. கார்பன் உரசுத லேசான சத்தம் வந்தா சரி, மணல அரைக்க மாதிரி கரகரன்னா பேரிங் போச்சு, புல்லிய ஆட்டிப் பாத்து லடலடன்னு ஆடினாலும் வேண்டாம். கண்டிசன் நல்லாருந்தா போல்ட்டு, வாஷர், பிராக்கெட்டு எல்லாத்தையும் விடாம பொறுக்கிக்கிடுங்க, கடைல தனியா தேடினா அந்த போல்ட்டு கிடைக்காது. வீட்டுல மாட்டின பொறவு வண்டி ஓடும்போது பேட்டரில மீட்டர் வச்சா 13.5ல இருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள காட்டணும். இல்லேன்னா திருப்பிக் குடுப்பேன்னு விலை பேசும்போதே சொல்லிருங்க.

2023 வெள்ளத்துல முங்கின வண்டியோட பார்ட்ஸ் இன்னும் கடைக்கு வருதுன்னு சொல்லுதாங்க. எப்படி கண்டுபிடிக்க?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

வெள்ளம் உங்க ஊரையே படுத்திருச்சு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, தாமிரபரணி கரையெல்லாம் காரு மிதந்துச்சு. அதுல நிறைய வண்டிய கழுவி பாலிஷ் போட்டுட்டாங்க, மேல பாத்தா ஒண்ணும் தெரியாது.

சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. உள்ள சுருண்டு கெடந்த பாகத்துல ஒரு கோடு போட்ட மாதிரி வண்டல் கறை இருக்கும், அங்க யாரும் கழுவ மாட்டாங்க. தரைக் கார்பெட்ட தூக்குங்க, ஹெட்லைட்டுக்கு உள்ள மூலைல பாருங்க, பியூஸ் பாக்ஸ் பின்னுல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. முங்கின வண்டில கண்ணாடி, பம்பர், கதவு, ரிம்மு எடுக்கலாம். டைனமோ, செல்ப், இசியூ (எஞ்சின கட்டுப்படுத்துத கம்ப்யூட்டர் பெட்டி), வீல் பேரிங், சீட்டு வேண்டாம். இன்னிக்கு ஓடும், ஆறு மாசத்துல நடுரோட்டுல நிக்கும்.

துரு பிடிச்ச போல்ட்டு தலை வழுக்கிருது. என்ன பண்ண?
– வாசகர், வள்ளியூர்

அவசரம்தான் காரணம். டபிள்யூடி 40 இருந்தா அடிங்க, இல்லேன்னா டீசல ஊத்தி ஊற விட்டுட்டு வேற வேலைய பாருங்க, கால் மணி நேரமாவது ஆகட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட்டு வேண்டாம், ஆறு முனை சாக்கெட்டா கொண்டு போங்க, அதுதான் தலைய முழுசா பிடிக்கும். போல்ட்டு தலைல நேரா சுத்தியலால நாலு தட்டு தட்டினா துரு விட்டுக் குடுக்கும். பொறவு கழட்டுத பக்கம் திருப்பாம முதல்ல இறுக்குத பக்கம் ஒரு துளி அசைச்சுட்டு, அசைஞ்ச பொறவு பைய கழட்டுங்க, திரும்ப இறுக்கி திரும்ப கழட்டி முன்ன பின்ன கொண்டு வாங்க. சைலன்சர் பக்கம் இருக்க போல்ட்டு சூட்டுல வெந்து போனது, அத உடைச்சு எடுத்தாலும் தப்பில்ல, செத்த வண்டி போல்ட்டு தானே.

எதெல்லாம் பழசு வாங்கவே கூடாது?
– வாசகி, தென்காசி

பிரேக் பேடு, பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், டைமிங் பெல்ட்டு, ஆயில் சீல், இடிபட்ட வண்டியோட சீட் பெல்ட்டு, ஏர்பேக். இதுல காசு மிச்சம் பாக்கக் கூடாது அக்கா. ஏர்பேக் இருக்க ஸ்டியரிங்க கழட்டவே போகாதீங்க, அதுக்குள்ள வெடிமருந்து இருக்கு, மஞ்சள் கலர் கப்ளர் கண்டா கைய எடுத்துருங்க. டயர் எடுத்தா ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும், 2318னு போட்டிருந்தா 2018ல 23வது வாரம் செஞ்சது, அத பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

என் மகன் காலேஜ் படிக்கான், கூட்டாளிகளோட யார்டுக்கு போயி பார்ட் கழட்டுதான். எனக்கு வயித்துல நெருப்பு கட்டின மாதிரி இருக்கு. என்ன சொல்லி அனுப்ப?
– ஒரு தாய், மேலப்பாளையம்

தங்கச்சி, உங்க பயம் நியாயமானது. போக வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், அந்த வயசுல கைல கிரீஸ் பட்டு கத்துக்கிடது பெரிய விசயம், ஆனா இத அவன்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க.

ஜாக்கில தூக்கின வண்டிக்கு அடில போகக் கூடாது, செங்கல், கல்லு மேல நிக்க வண்டிக்கு அடில போகவே கூடாது. எனக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், ஒரு யார்டுல கியர் பாக்ஸ் போல்ட்ட அடில படுத்து நெம்பினேன், நான் நெம்பின வேகத்துலயே கல்லு ஒரு பக்கம் சரிஞ்சு வண்டி உக்காந்துட்டு. உடம்ப உருட்டி வெளிய எடுத்துட்டேன், இடது கை மாட்டிக்கிட்டு. மோதிர விரல் இன்னிக்கும் முழுசா மடங்காது. நம்ம பலம்தான் வண்டிய தள்ளும்ங்கிறத நான் அன்னைக்கு யோசிக்கல.

டிக்கி, பானெட்டு, ஸ்டெப்னி குழிக்குள்ள கைய விடதுக்கு முன்னாடி கம்பிய வச்சு தட்டணும், டார்ச் அடிச்சுப் பாக்கணும். நம்ம செம்மண் காட்டுல வருசக் கணக்கா நிக்க வண்டில விரியனும் தேளும் குடியிருக்கும், கதவு ஓரத்துல குளவி கூடு இருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு, தடிச்ச கையுறை போட்டுப் போகச் சொல்லுங்க, டிடி ஊசி போட்டிருக்கானான்னு பாத்துக்கிடுங்க. முன் சஸ்பென்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோட சேந்த ஷாக் அப்சார்பர்) மேல நடுவுல இருக்க நட்ட மட்டும் தொடக் கூடாது, உள்ள ஸ்பிரிங்கு அமுங்கி உக்காந்திருக்கு, கழண்டா மூஞ்சில அடிக்கும். ஏசி பைப்பையும் திறக்கக் கூடாது. சித்திரை வெயில்ல காலை பத்து மணிக்குள்ள வேலைய முடிச்சுட்டு வந்துரச் சொல்லுங்க.

விலை எப்ப பேசணும்? பில் கேக்கணுமா?
– வாசகர், சங்கரன்கோவில்

கழட்டதுக்கு முன்னாடி பேசுங்க. ரெண்டு மணி நேரம் வேர்வை சிந்தி கழட்டி கைல வச்சுக்கிட்டு விலை கேட்டா, விட மனசு வராதுன்னு அவருக்கும் தெரியும். தேவையான அஞ்சாறு பார்ட்டயும் மொத்தமா சொல்லி ஒரே விலையா பேசுங்க.

பில்லு கண்டிப்பா கேளுங்க, துண்டுச் சீட்டா இருந்தாலும் பரவால்ல, வண்டி நம்பரும் கடை பேரும் அதுல இருக்கணும். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் அரம் போட்டு அழிச்ச வண்டின்னா எவ்வளவு சல்லிசா தந்தாலும் கிட்ட போகாதீங்க, திருட்டு வண்டி பார்ட்ட வாங்கினவருக்கும் கேஸ் உண்டு. முழு எஞ்சினையே மாத்துறதா இருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல முன்னாடியே கேட்டு அனுமதி வாங்கிட்டு மாத்துங்க, ஆர்சி புக்குல எஞ்சின் நம்பர் மாறணும். அப்படி வாங்காம மாத்திட்டீங்கன்னா 14 நாளுக்குள்ள போயி எழுதிக் குடுத்துருங்க.