குறட்டைக்காக ஓர் இரவு மருத்துவமனையிலா?

கேள்வி: என் கணவர் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். இரவில் பலத்த குறட்டை. நடுநடுவே மூச்சு நின்று, திணறி விழிக்கிறார். பகலில் கண் சொக்குகிறது. மருத்துவர் ஓர் இரவு தங்கித் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டினால் தூக்கம் எப்படி வரும், தூங்காமல் எடுத்தால் என்ன பயன் என்று இவர் மறுக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அவருடைய சந்தேகம் நியாயமானதுதான். புது இடத்தில் முதல் நாள் தூக்கம் கெடும் என்பதை மருத்துவர்களும் அறிவார்கள்; இருப்பினும், விட்டுவிட்டு வந்தாலும் சில மணி நேரத் தூக்கம் கிடைத்தால் பெரும்பாலும் போதும். தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் ஒட்டப்படும் மின்முனைகள் மூளையலைகளையும் கண்ணசைவையும் தசை இறுக்கத்தையும் பதிவு செய்வதால், அவர் எப்போது உண்மையாகவே தூங்கினார், எந்த நிலைத் தூக்கத்தில் இருந்தார் என்பது தெரிந்துவிடும்.

மூக்கடியில் வைக்கும் மெல்லிய குழாய் காற்றோட்டத்தையும், விரலில் மாட்டும் கிளிப் இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவையும் காட்டும். என்னைக் கேட்டால், மார்பிலும் வயிற்றிலும் சுற்றும் பட்டைகள்தாம் இதில் முக்கியமானவை. மூக்கில் காற்று நின்ற பிறகும் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் தொண்டை அடைபடுகிறது என்று பொருள். மார்பும் அசையாமல் நின்றால் மூச்சு விடும்படி மூளையிலிருந்து கட்டளையே வரவில்லை என்று பொருள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றினாலும் சிகிச்சை வேறு வேறு.

குறைந்தது 10 வினாடி மூச்சு நிற்பதையும் குறைவதையும் எண்ணி, தூங்கிய ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 30-ஐ எட்டினால் கடுமை. மல்லாந்து படுக்கும்போதும், பின்னிரவில் மிகுதியாக வரும் கனவுத் தூக்கத்திலும் அடைப்பு கூடுவதுண்டு. ஆகவேதான் இரவு முழுவதும் பார்க்கிறார்கள். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறு கருவியும் உண்டு. ஆனால் அவற்றில் பல மூளையலையைப் பதிவு செய்யாதவை என்பதால், அதில் குறையில்லை என்று வந்து தொல்லை நீடித்தால் முழுப் பரிசோதனையே தேவைப்படும்.

அன்றைக்குத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போகச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை ஒட்டாது. பகல் தூக்கமும் மதியத்துக்கு மேல் காபி, டீயும் வேண்டாம். வழக்கமான மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இதற்கிடையில், சிகிச்சை தொடங்கி, வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லும் வரையில், பகலில் கண் சொக்குகிறவர் ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களை ஏற்றிச் செல்வது தகாது. வேனுக்கு மாற்று ஓட்டுநரை இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.