கல்யாண விசிடிக்குப் பூட்டு கிடையாது, டீச்சர்

காரைக்குடியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்:

“தம்பி, என் ட்ரங்குப் பெட்டியில் மகள் கல்யாண விசிடி மூன்று இருக்கிறது, 2004இல் எடுத்தது. பேரன் காதுகுத்து டிவிடி ஒன்று. காசு கொடுத்து வாங்கிய சினிமா டிவிடி நாற்பது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அங்கே வாங்கி அனுப்பியது பத்து. பிளேயர் ரிப்பேர். ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொல்லிக் கடையில் கொடுத்தால், ‘காப்பிரைட் லாக் இருக்கும்மா, காப்பி பண்ணினால் கேஸ் ஆகிவிடும்’ என்று கல்யாண விசிடியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் இரண்டாவது விசிடி முகூர்த்தம் வரும் இடத்தில் நின்று நின்று ஓடும். மகனோ, ‘எல்லாம் ஆன்லைனில் இருக்கும்மா, தூக்கிப் போடு’ என்கிறான். இன்னொன்று: கிண்டிலில் எழுபது புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு அது பேத்திக்குப் போகுமா?”

டீச்சர், கடைக்காரர் சொன்னதில் கால் பங்கு சரி, மகன் சொன்னதில் அரைப் பங்கு சரி. ஆனால் இருவரும் பேசுவது சினிமா டிஸ்க்கைப் பற்றி. உங்கள் பெட்டியில் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவை, பூட்டே இல்லாத அந்த நான்கு குடும்ப டிஸ்க்குகள். அதனால் அவற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கல்யாண விசிடியின் பதிப்புரிமை ஸ்டுடியோவுக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பார்த்தால், ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோப் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். 2004இல் அட்வான்ஸ் ரசீதைத் தவிர வேறு காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே அந்த மூன்று விசிடியும் உங்கள் சொத்து. எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் உண்டு. மாப்பிள்ளை அழைப்புக்கும் ரிசப்ஷனுக்கும் மேலே ஓட்டியிருப்பார்களே சினிமாப் பாட்டு, அது உங்களுடையது இல்லை. வீட்டில் போட்டுப் பார்க்கிறவரை யாரும் கேட்கப் போவதில்லை. யூடியூபில் ஏற்றினால் அங்கே கன்டென்ட் ஐடி என்றொரு ஏற்பாடு பாட்டைக் கண்டுபிடித்து, இசை நிறுவனத்தின் பெயரில் உரிமை கோரிவிடும். பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும்; மகள் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் பிரஷர் குக்கர் விளம்பரம் வரும், வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகும்.

லாக் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னது விசிடிக்குப் பொருந்தவே பொருந்தாது. விசிடி என்ற வடிவத்திலேயே பூட்டுப் போட வசதி கிடையாது. ஸ்டுடியோவில் எரித்த, அதாவது வெறும் டிஸ்க்கில் பதிந்து கொடுத்த, காதுகுத்து டிவிடியிலும் பூட்டு இருக்காது; சினிமா டிவிடியின் பூட்டுச் சாவிகள் பதிவாகும் பகுதியில், வெறும் டிஸ்க்கில் எரிக்கும் சாதாரண டிரைவால் எழுத முடியாது. இரண்டாவது விசிடி நின்று நின்று ஓடுவதும் பூட்டால் வந்த வினை அல்ல. தட்டு கெட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தத் தட்டு எப்படிக் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தப்பான பக்கத்தைப் பாதுகாக்கிறார்கள். பளபளக்கிற அடிப்பக்கத்தில் கை படாமல் பிடிப்போம், பெயர் எழுதுகிற மேல்பக்கத்தை மேசையில் போட்டுத் தேய்ப்போம். சிடியும் விசிடியும் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். படம் பதிந்திருக்கும் படலம் அதன் உச்சியில், லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றை மட்டும் நம்பிக் கிடக்கிறது. அடிப்பக்கக் கீறலைக் கொஞ்சம் மெருகேற்றிச் சரிசெய்யலாம். மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ‘கல்யாணம் - 2’ என்று அழுத்தி எழுதியிருந்தால், அந்த எழுத்து விழுந்த இடத்தில் படம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். டிவிடி இந்த வகையில் தேவலை, 0.6 மில்லிமீட்டர் தட்டு இரண்டை ஒட்டி, நடுவில் படலத்தை வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, ஸ்டுடியோ எரித்துக் கொடுப்பது சாயப்பூச்சு உள்ள வெறும் டிஸ்க்கில். கடையில் அச்சாகி வரும் சினிமா டிஸ்க்கில் பிளாஸ்டிக்கிலேயே பள்ளமாக அச்சடித்து அலுமினியம் பூசியிருக்கும், சாயமெல்லாம் இல்லை. அந்தச் சாயத்துக்கு வெயிலும் ஆகாது, நம் ஊர் ஏப்ரல் மாதமும் ஆகாது.

விசிடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஒரு சிடிக்குள் 74 நிமிடப் படத்தைத் திணிக்க, சாதாரணத் தகவல் சிடியில் இருக்கும் பிழைதிருத்தத் தகவலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் படத்தையே வைத்தார்கள். பிளேயரில் ஓடும்போது கெட்ட இடம் வந்தால் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடைந்து தாண்டிப் போய்விடும். கணினியில் காப்பி செய்தாலோ, அதே இடத்தில் விண்டோஸ் பிழை என்று சொல்லி மொத்தக் காப்பியையும் நிறுத்திவிடும். பார்க்கிறவர்கள் அதைத்தான் ‘லாக்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள், சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆகும். டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறலும் வட்டமாக விழும், ஒரே தடத்தில் நீளமாக அழிந்துபோகும். விசிடிக்குள் ‘டேட்’ என்று முடியும் பெரிய கோப்புகள் இருக்கும், டிவிடிக்குள் ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறை. அவற்றை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டால் போதும், விஎல்சி பிளேயர் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் ஓட்டும். விண்டோஸ் பாதியில் நின்றால், படிக்க முடியாத இடத்தை விட்டுவிட்டு மீதியை எடுத்துத் தரும் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதாகச் சுருக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் சுருக்காத பிரதி கையில் வந்த பிறகு சரி என்று சொல்லுங்கள். விசிடியின் படமே 352க்கு 288 புள்ளிதான். அதிலும் சுருக்கினால் மாப்பிள்ளை யார், மாப்பிள்ளைத் தோழன் யார் என்று தெரியாது.

இனி சினிமா டிவிடி. இங்கேதான் பூட்டு இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை என்றாலும். அதன் பெயர் சிஎஸ்எஸ், 1996இல் வந்தது, 40 பிட் சாவி, அதாவது எளிதில் உடைக்கக்கூடிய சின்னச் சாவி. 1999இல் நார்வேயைச் சேர்ந்த ஜான் லெக் ஜொஹான்சன் என்ற பதின்வயதுப் பையனும் இணையத்தில் அவன் கூட்டாளிகளும் அதைத் திறக்கும் சிறு நிரலை வெளியிட்டார்கள். அவன்மேல் வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் விடுவித்தது, அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலை. காசு கொடுத்து வாங்கிய படத்தைத் தன் கணினியில் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். இன்று விஎல்சி இந்தப் பூட்டை ஒரு பூட்டாகவே மதிப்பதில்லை; டிஸ்க்கைப் போட்டால் படம் ஓடும். பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அந்த இரண்டாயிரம் ரூபாய் டிரைவோடு உங்கள் பிரச்சினை முடிந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த பத்தில் இன்னொரு தடை இருக்கலாம். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து டிவிடிக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்: சிங்கப்பூர் 3, இந்தியாவும் இலங்கையும் 5. உறையின் பின்பக்கம் சின்ன பூமி உருண்டைக்குள் அந்த எண் இருக்கும். பல தமிழ்ப் பட டிவிடிகளில் ‘ஆல்’ என்றே போட்டிருக்கும், அவற்றுக்குக் கவலை இல்லை. கணினி டிரைவில் மண்டல எண்ணை ஐந்து முறைதான் மாற்றலாம். அதன் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே நிரந்தரமாக நின்றுவிடும். விண்டோஸ் மாற்றட்டுமா என்று கேட்டால் அவசரப்பட்டு ஆமாம் சொல்லாதீர்கள். விஎல்சி பெரும்பாலும் எண்ணைப் பார்க்காமலே ஓட்டிவிடும்.

இந்தப் படங்களைப் பிரதி எடுக்கலாமா? நான் வக்கீல் இல்லை, சட்டத்தின் வரிகளை வைத்துச் சொல்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவு வந்தது. பதிப்புரிமையைக் காக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். ‘மீறும் நோக்கத்தோடு’ என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் பூட்டை உடைப்பதே குற்றம். எதற்கெல்லாம் விலக்கு என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். நம் சட்டம் நோக்கத்தைக் கேட்கிறது. தவிர, 52ஆவது பிரிவு தனிப்பட்ட, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறல் இல்லை என்கிறது. படம் முழுவதையும் பிரதி எடுப்பது ‘நியாயமான’ என்ற சொல்லுக்குள் அடங்குமா என்று வாதாட இடம் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய டிஸ்க்கை, அதையும் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் பார்க்க மட்டும் ஒரு பிரதி எடுப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. அதைப் பக்கத்து வீட்டுக்கு ஏற்றிக் கொடுத்தால் கதை வேறு. மகனிடம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள். பூட்டு விஷயத்தில் சிங்கப்பூர்ச் சட்டம் நம்முடையதைவிடக் கறார்.

கடைக்காரர் மறுத்ததில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். 65ஏ பிரிவிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: சட்டம் தடுக்காத காரியத்துக்காக ஒருவருக்குப் பூட்டைத் திறந்து உதவுகிறவர், அவருடைய பெயர், விலாசம், எதற்காக என்ற விவரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பிரிண்ட் அவுட்டும் ஜெராக்ஸும் போட்டுப் பிழைக்கிறவர் எந்தப் பதிவேட்டை எழுதுவார்? சினிமா டிஸ்க்கை அவரிடம் கொடுக்காமல் விடுவதே அவருக்கும் நல்லது. பெட்டியில் ‘மூன்று படம் ஒரே டிஸ்க்’ ஏதாவது இருந்தால், டீச்சர், அது ஒரிஜினல் கணக்கில் வராமலும் போகலாம்.

ஆன்லைனில் எல்லாம் இருக்கிறது என்ற மகனின் பேச்சுக்கு வருகிறேன். இன்று இருக்கிறது, உண்மைதான். உரிமக் காலம் முடிந்தால் நாளைக்கு இல்லை. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று பெட்டிக்கடையில்கூடத் தொங்கவிட்டது நினைவிருக்கும். உங்கள் நாற்பதிலும் சில அவர்களுடையதாக இருக்கலாம். அந்த நிறுவனம் 2018இல் திவாலாகிக் கலைப்புக்குப் போய்விட்டது, 34 ரூபாய் டிஸ்க் உங்கள் பெட்டியில் இருக்கிறது. நான் தூக்கிப் போடமாட்டேன்.

அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் நிலைமை தலைகீழ். அங்கே ‘வாங்கு’ பொத்தானை அமுக்கினாலும் கிடைப்பது வாசிக்கும் அனுமதி, அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்பதற்காக, ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையையே மூடியது. அங்கேயும் பணம் திரும்பி வந்தது, புத்தகம் போயிற்று. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் நிறுத்திவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, விற்பது உரிமம்தான் என்று கடை வாங்குகிறவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நமக்கும் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் எழுபது புத்தகம் வாங்கும் முன் ஒருமுறை யோசித்திருப்பீர்கள்.

ஆகவே பேத்திக்கு எழுபதும் சொத்தாகப் போகாது. கருவியை அப்படியே கையில் கொடுக்கலாம். கணக்கு உயிரோடு இருக்கும்வரை அதில் இறக்கி வைத்தவற்றை வாசிப்பாள். ஆனால் நீங்கள் தமிழாசிரியை. அந்த எழுபதில் பாரதி எத்தனை, கல்கி எத்தனை, புதுமைப்பித்தன் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆனால் எழுத்து பொதுச்சொத்து; பல தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை அரசு அதற்கு முன்பே நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்வடிவில் இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் இவற்றில் பெரும்பகுதி பூட்டில்லாமல், இலவசமாகக் கிடைக்கும். இறக்கிப் பேத்தியின் கணினியில் போட்டுவிடுங்கள். வாழ்ந்துகொண்டிருக்கும் எழுத்தாளர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த நாலைந்தைக் காகிதத்தில் வாங்கி, முதல் பக்கத்தில் அவள் பெயரை எழுதி வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று குழம்ப வேண்டாம். ஒரு சினிமா டிவிடி அதிகபட்சம் 8.5 ஜிபி, ஐம்பதுக்கும் சேர்த்து 425 ஜிபி. ஒரு டெராபைட் தாராளம். குடும்ப வீடியோ நான்கும் மொத்தம் எட்டு ஜிபியைத் தாண்டாது; அதை மட்டும் இன்னொரு டிஸ்க்கிலும் போட்டு மகனிடம் கொடுத்தனுப்புங்கள். பென் டிரைவில் போட்டு அலமாரியில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது சேமித்து வைக்கிற பொருள் இல்லை.

டிரைவ் வந்ததும் முதலில் போட வேண்டியது அந்த இரண்டாவது விசிடி. முகூர்த்தத்தில் நின்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பது சாதாரணம். அதிலும் வரவில்லையென்றால் சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். கல்யாண விசிடியை ஒரு செட்டோடு யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள், அவர்கள் ட்ரங்குப் பெட்டியில் இதே மூன்றும் கிடக்கும். அவர்கள் தட்டில் கீறல் வேறு இடத்தில்தான் விழுந்திருக்கும்.