நூல் ஸ்போக் வீல்: வாசகர் கேள்வி–பதில்

மலைச் சைக்கிள்களில் எஃகுக் கம்பிக்குப் பதிலாகப் பாலிமர் இழை ஸ்போக் மாட்டுவதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வீல் கட்டும் தொழில்நுட்பக் குழுவினர் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: துணிக்கயிறுபோல் மடங்கும் ஸ்போக், கல்லும் வேருமான பாதையில் ஆள் எடையை எப்படித் தாங்கும்?

கம்பி மட்டும் முட்டுக்கொடுத்தா தாங்குகிறது? 2 மி.மீ. கம்பியை நிற்கவைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள், சட்டென்று வளைந்துவிடும். வீலை நிறுத்துவது இழுவிசைதான். கட்டும்போதே ஒவ்வொரு ஸ்போக்கையும் ஏறத்தாழ 100 கிலோ விசையில் இழுத்துக் கட்டுகிறோம். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், தரையை ஒட்டி இருக்கும் நாலைந்து ஸ்போக்குகளில் அந்த இழுவிசை கொஞ்சம் குறையும். அது சுழியத்துக்கு இறங்காதவரை வீல் வீலாகவே இருக்கும். இழுப்பு ஒன்றே வேலை என்றால், அதற்குக் கயிறு போதும்.

ஆனால் எல்லாக் கயிறும் ஒன்றல்ல. பெர்ட் நிறுவனத்தின் ஸ்போக் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் பின்னல். டைனீமா என்ற பெயரில் பலரும் அறிந்த இழை வகை. தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது. ஸ்பினர்ஜி பயன்படுத்துவது பிபிஓ என்னும் இழை. வெயிலும் ஈரமும் அதன் வலிமையைத் தின்றுவிடும் என்பதால் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும்; உறை கிழிந்த ஸ்போக்கை அப்படியே விடக்கூடாது. ஜெர்மனியின் பை ரோப் நிறுவனம் வெக்ட்ரான் என்னும் இழையைப் பயன்படுத்துகிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியவை.

கேள்வி: எடை உண்மையில் எவ்வளவு குறையும்? ஓட்டும்போது தெரியுமா?

264 மி.மீ. நீளத்தில், முனையில் 2.0, நடுவில் 1.8 மி.மீ. தடிமனுள்ள எஃகு ஸ்போக் ஒன்று சுமார் 6 கிராம். நடுவில் 1.5 மி.மீ.க்கு மெலிந்ததோ தட்டையானதோ என்றால் 4.4 கிராம் அளவில். பாலிமர் ஸ்போக் ஏறத்தாழ 2.5 கிராம். வீலுக்கு 28 வீதம் இரண்டு வீலுக்கும் 56. சாதாரண எஃகிலிருந்து மாறினால் 190 கிராம் போல மிச்சம்; ஏற்கெனவே மெலிந்த எஃகு இருந்தால் 105 கிராம்தான்.

இந்த மிச்சம் வீலின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து டயர் உட்காரும் ரிம் வரை பரவிக் கிடக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். வேகமெடுக்கும்போது டயரில் குறையும் 100 கிராம் கிட்டத்தட்ட 200 கிராம் குறைந்ததற்குச் சமம். ஸ்போக்கில் குறையும் 100 கிராமின் மதிப்போ 133 தான். ட்யூப்பை எடுத்துவிட்டு ட்யூப்லெஸ் ஆக்காமல், கனத்த டயரை மாற்றாமல் நேரே நூல் ஸ்போக்குக்குப் போவது வரிசை தவறிய செலவு. அதிர்வு குறையும் என்ற விளம்பரத்தைப் பார்த்து மட்டும் வாங்கவேண்டாம். குறைந்த காற்றில் ஓடும் தடித்த டயர் ஒரு மேட்டில் மில்லிமீட்டர் கணக்கில் அமுங்குகிறது. ஸ்போக்கின் அசைவு அதில் ஒரு துளி.

கேள்வி: பழைய ஹப்பிலேயே மாட்டலாமா? கட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

வளைந்த தலை ஸ்போக்குக்கான துளை உள்ள ஹப்பில் பெரும்பாலும் முடியும். தலை வளையாத ஸ்போக்குக்கான நேர்த்தலை ஹப் என்றால் பொருந்துமா என்று ஸ்போக் தயாரிப்பாளரின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல் எதிரி துளையின் விளிம்பு. எஃகுத் தலை அழுந்தி அழுந்தி அங்கே பிசிறும் கூர்மையும் ஏறியிருக்கும். இழை அதில் உரசினால் கத்தியில் உரசினதுபோல்தான். துளையின் இரண்டு பக்கமும் விளிம்பை மழுக்கி, மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள். பஞ்சை இழுத்தால் ஒரு நார்கூடச் சிக்கக்கூடாது. டிஸ்க் பிரேக் வீலில், ஸ்போக்கை ஹப்பிலிருந்து நேரே ரிம்முக்கு ஓட்டும் நேர்க்கட்டு கூடாது. பிரேக் பிடிக்கும் திருகுவிசையை, ஸ்போக்குகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் குறுக்குக் கட்டுதான் தாங்கும்.

நீளத்தை உங்கள் பழைய எஃகுக் கணக்கில் போடாதீர்கள். 1.5 மி.மீ. எஃகு 280 மி.மீ. நீளத்துக்கு 100 கிலோ இழுவிசையில் 0.8 மி.மீ. நீளும். பின்னல் அதைவிட அதிகம் நீளும். தயாரிப்பாளர் தரும் கணக்கியைத்தான் நம்பவேண்டும். தளர்ந்து கிடக்கும் ஸ்போக்கை அளவுகோலில் வைத்துப் பார்த்து “குட்டையாக இருக்கிறதே” என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

ரிம் பக்கம் பின்னலுக்குள் ஒரு மரை போட்ட எஃகுத் துண்டு இருக்கும். அந்த மரையில் ஏறி ஸ்போக்கை இழுக்கும் சிறு திருகான நிப்பிளைத் திருக்கும்போது எஃகுத் துண்டும் கூடவே சுழன்றால் பின்னல் முறுக்கிக்கொள்ளும்; நிப்பிள் ஏறியதாகத் தோன்றும், இழுவிசை ஏறியிருக்காது. ஒரு கையில் எஃகுத் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருக்குங்கள். மரையிலும் நிப்பிள் உட்காரும் இடத்திலும் முன்பே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எல்லா நிப்பிளிலும் மரை ஒரே அளவு தெரியும்படி கொண்டுவந்து, பிறகு முழுச் சுற்று, அரைச் சுற்று, கடைசியில் கால் சுற்று. 2 மி.மீ. மரையில் கால் சுற்று என்பது 0.11 மி.மீ.

கேள்வி: கட்டி இரண்டு வாரத்தில் ஸ்போக் எல்லாம் தளர்ந்துவிட்டது. மட்டமான சரக்கா?

இல்லை, இந்த இழையின் குணமே அது. பாலிஎத்திலீன் தொடர்ந்து இழுபடும்போது மெல்ல மெல்ல நீளும். தயாரிப்பிலேயே முன்கூட்டி இழுத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் ஸ்போக்கின் ஹப் முனையில் உள்ள கண்ணி ஹப்பில் படியும்போது இன்னும் கொஞ்சம் நீட்சி மிச்சம் இருக்கும். கட்டியதும் ரிம் தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவை நெருங்க இழுத்துவிட்டு, ஓர் இரவு சும்மா வையுங்கள். மறுநாள் அளந்து, குறைந்ததை ஏற்றுங்கள். ஓர் இரவில் குறைவது பொருட்படுத்த வேண்டாத அளவுக்கு வந்தபிறகே கடைசியாகக் கோட்டம் எடுக்கவேண்டும், அதாவது ரிம்மின் நெளிவை நேராக்கவேண்டும். முதல் நாளே நூல் பிடித்ததுபோல் கோட்டம் எடுப்பது வீண் வேலை. உச்ச அளவைத் தாண்டாதீர்கள். ரிம்மில் நிப்பிள் துளை விரிசல் விடும். ஓட்டத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் இன்னொரு முறை பாருங்கள்.

இன்னொரு விசித்திரம்: சூடேறினால் இந்த இழை நீளவாக்கில் சுருங்கும், அலுமினிய ரிம் விரியும். ஆகவே வெயிலில் இழுவிசை கூடும், குளிரில் குறையும். விடியற்காலை அளவையும் நண்பகல் அளவையும் ஒப்பிட்டுக் குழம்பவேண்டாம்.

கேள்வி: இழுவிசையை எதால் அளப்பது? தட்டிக் கேட்டால் போதாதா?

இழுவிசை மீட்டர் காட்டும் எண் ஸ்போக்கின் தடிமனையும் விறைப்பையும் பொறுத்தது. அந்த எண்ணை இழுவிசையாக மாற்றும் எஃகு அட்டவணை இங்கே பொய் சொல்லும். இந்த ஸ்போக்குக்கான அட்டவணை வேண்டும். மீட்டிப் பார்ப்பது நல்ல வழிதான். லேசான இழை என்பதால் அதே இழுவிசையில் எஃகைவிட உச்சமாக ஒலிக்கும். எஃகு வீலின் சுருதியை மனதில் வைத்து ஒப்பிட்டால் தளர்வாகக் கட்டிவிடுவீர்கள். ஒரே வீலில், ஒரே பக்கத்து ஸ்போக்குகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இரண்டு ஸ்போக் குறுக்கிடும் இடத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் மீட்டுங்கள்.

கேள்வி: மேலே பஞ்சுபோல் நார் எழுகிறது. பயப்படவேண்டுமா? செயின் எண்ணெய் பட்டால் கெடுமா?

மேல் நார் எழுவது சகஜம். பின்னலின் ஒரு புரி அறுந்திருந்தால் மாற்றுங்கள். எண்ணெய், சோப்புத் தண்ணீர் எதுவும் செய்யாது. வெப்பம் செய்யும்: 150 டிகிரியை எட்டும் முன்பே உருகத் தொடங்கிவிடும். காரின் பின்னால் சைக்கிளைக் கட்டும்போது வீல் புகைபோக்கிக்கு நேராக இருக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்து, பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே விழும் செயின். எஃகில் கீறலோடு போவது இங்கே ரம்பம்போல் நாலைந்து ஸ்போக்கை அறுத்துவிடும். பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரின் உள் எல்லைத் திருகைச் சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள். டீரெய்லரைத் தாங்கும் துண்டு வளைந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள்.

கேள்வி: வழியில் ஒன்று அறுந்தால்?

அறுந்ததின் எஃகு முனை ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பக்கத்து ஸ்போக்கோடு டேப் சுற்றிக் கட்டுங்கள். பிறகு அதே பக்கத்தில் இருபுறமும் உள்ள அடுத்த ஸ்போக்குகளில் கால் கால் சுற்றாகத் திருக்கி, சைக்கிள் சட்டத்தில் ரிம் உரசாத அளவுக்குக் கோட்டத்தைக் குறைத்தால் மெதுவாக வீடு சேரலாம். வளைந்த தலை ஹப்பில், சரியான நீளமுள்ள எஃகு ஸ்போக் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டாலும் ஓடும். வீட்டுக்கு வந்ததும் திருக்கிய ஸ்போக்குகளைப் பழைய நிலைக்குத் தளர்த்த மறக்காதீர்கள். பலர் புது ஸ்போக்கைப் போட்டுவிட்டு அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.