குரோய்டனில் கிளம்பியது ரயில் அல்ல

அன்புள்ள மேடம்,

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரிட்டிஷ் லைப்ரரி மறுபதிப்பாகக் கொண்டுவரும் பழைய துப்பறியும் நாவல்களைச் சேகரிக்கிறேன். எழுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அட்டைகளில் பழைய ரயில்வே போஸ்டர்களைப் போடுகிறார்கள், அதில் விழுந்தவன் நான். ‘தி 12.30 ஃப்ரம் குரோய்டன்’ மாதிரி ரயில் கதை என்றால் எனக்கு உயிர். சில தலைப்புகள் அமெரிக்கப் பதிப்பாகத்தான் கிடைக்கின்றன. முதுகில் வேறு பதிப்பகத்தின் சின்னம் இருப்பதால் வரிசை கெட்டுப்போகிறது. வீட்டில் மனைவியும் படிக்கக் கேட்பாள். புத்தகத்தைப் பின்பக்கமாக மடக்கிப் பிடித்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு, அதனால் கொடுப்பதில்லை.

முழு வரிசையையும் வாங்கி முடிப்பதில் அர்த்தம் உண்டா? மறக்கப்பட்ட இந்த எழுத்தாளர்களில் உண்மையான மேதைகள் யார் யார்? இவற்றில் வரும் இனவெறிப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது? பூச்சி அரிக்காமல் வைக்க வழி உண்டா? பாதிக்கு மேல் இன்னும் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்., திருச்சி

*

அன்புள்ள ஆர். சார்,

குரோய்டனிலிருந்து 12.30க்குக் கிளம்புவது விமானம்.

முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம் இது. பத்து வயதுப் பெண் ஒருத்தி முதன்முதலாக விமானம் ஏறி பாரிஸுக்குப் போகிறாள். கூட அப்பாவும் தாத்தாவும். தாத்தா தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, இறங்கும்போது பார்த்தால் ஆள் போய்ச் சேர்ந்திருக்கிறார். அப்போது லண்டனின் பெரிய விமான நிலையமே குரோய்டன்தான். நீங்கள் உயிர் என்று சொல்லும் புத்தகத்தின் முதல் சில பக்கங்களைக்கூடப் புரட்டவில்லை என்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. பூச்சிக்கு வழி, அடிக்கடி எடுத்துப் புரட்டுவது. முதுகில் இருக்கும் சின்னத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இனவெறிப் பேச்சு இருக்கிறது, யூதர்களைப் பற்றியும் நம்மைப் பற்றியும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய வரிகள் உண்டு. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். அதில் ஐந்தாவது, கதையில் சீனாக்காரன் வரக் கூடாது என்பது. வில்லன் என்றாலே மர்மமான ஒரு சீனாக்காரன் என்று எழுதித் தள்ளியவர்களைக் கேலி செய்யத்தான் அவர் அப்படி எழுதினார். அதாவது அந்தக் காலத்திலேயே அது சலித்துப்போயிருந்தது. உங்களுக்கும் சலிக்கட்டும், தாண்டிப் போங்கள்.

மேதைகள் யார் என்றால், ஒருவரைச் சொல்கிறேன்: ஆந்தனி பெர்க்லி. ‘தி பாய்சன்ட் சாக்லேட்ஸ் கேஸ்’ (1929) நாவலில் ஒரே கொலைக்கு ஆறு பேர் ஆறு விடை சொல்வார்கள், ஒவ்வொன்றும் முந்தையதைக் கவிழ்க்கும். பிற்பாடு கிறிஸ்டியானா பிராண்ட் ஏழாவதாக ஒன்று எழுதினார். நீங்கள் வாங்கும் வரிசையின் ஆலோசகர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் இன்னொன்றும் சேர்த்தார். ஆனால் மேதைகளைத் தேடி இந்த வரிசைக்குள் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இதில் முக்கால்வாசி சுமாரான புத்தகங்கள். அந்தச் சுமாரான புத்தகங்களைப் பற்றித்தான் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது.

‘மறக்கப்பட்ட எழுத்தாளர்கள்’ என்கிறீர்கள். ஏன் மறக்கப்பட்டார்கள்? காரணம் பெரும்பாலும் விலை. 1930களில் கெட்டி அட்டை போட்ட புது நாவல் ஒன்று ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், ஆக தொண்ணூறு பென்ஸ். தெருமுனைப் பெட்டிக்கடையில் வாடகைக்கு எடுத்தால் ஒரு புத்தகத்துக்கு இரண்டு பென்ஸ். ஒன்றை வாங்கும் காசில் நாற்பத்தைந்து புத்தகம் படிக்கலாம். யார் வாங்குவார்கள்? 1935இல் பெங்குவின் ஆறு பென்ஸுக்குப் புத்தகம் போட ஆரம்பித்து, குற்றக் கதைகளுக்குப் பச்சை அட்டை என்று வைத்த பிறகுதான் சாதாரண மனிதர் ஒரு துப்பறியும் நாவலைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடிந்தது. அதுவரை இவை வாடகைச் சரக்கு. கை மாறிக் கை மாறிக் கிழிந்து, கடைசியில் கூழாகும். மிச்சம் இருந்ததைப் போர் தின்றது. 1940 டிசம்பர் 29 இரவு லண்டனில் பேட்டர்நோஸ்டர் தெருவில் விழுந்த குண்டுகளில் மட்டும் சுமார் 50 லட்சம் புத்தகங்கள் எரிந்தன. அச்சான ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைத் தேசிய நூலகத்துக்கு (அதுதான் இன்றைய பிரிட்டிஷ் லைப்ரரி) கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருந்ததால்தான் இவற்றில் பல இன்று உங்கள் அலமாரிக்கு வந்திருக்கின்றன.

நாங்கள் நாட்டிங்காமில் இருந்தபோது பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கிய ஒரு அம்மாள் இருந்தார். நாட்டிங்காம்தான் பூட்ஸ் மருந்துக் கடையின் சொந்த ஊர். அந்தக் கடைக்குள் வாடகை நூலகமும் உண்டு, நாடு முழுக்க நானூறுக்கு மேற்பட்ட கிளைகளில் நடத்தினார்கள், 1966இல் மூடினார்கள். நூலகம் எப்போதும் கடையின் பின்கோடியில் அல்லது மாடியில் இருக்கும். சோப்பு, பவுடர், இருமல் மருந்து எல்லாவற்றையும் தாண்டித்தான் புத்தகத்துக்குப் போக முடியும். நல்ல வியாபாரம். (கீழே மருந்து, மேலே விஷம் வைத்துக் கொல்லும் கதைகள். அகதா கிறிஸ்டியே முதல் உலகப் போரின்போது மருந்து கலந்து கொடுக்கும் வேலையில் இருந்துதான் விஷங்களைக் கற்றுக்கொண்டார்.) புத்தகத்தின் முதுகில் ஒரு சின்னத் துளை, அதில் சந்தாதாரரின் வில்லையைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார்கள்.

அந்த நூலகம் இருந்த நாளில் அந்த அம்மாளின் வேலை, சனிக்கிழமை போய்த் தன் அம்மாவுக்குப் புத்தகம் மாற்றி வருவது. அம்மாவுக்குக் கொலைக் கதை மட்டும்தான் வேண்டும், ஆனால் தலைப்பு ஞாபகம் இருக்காது. அதனால் படித்து முடித்ததும் தன் வீட்டு எண் வரும் பக்கத்தில் எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. மகள் அங்கேயே அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். வேறு வேறு பக்கங்களில் வேறு வேறு பேருடைய குறிகளும் இருக்குமாம், ஒரு சுழி, ஒரு பெருக்கல் குறி. ஒருமுறை யாரோ முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரை எழுதி வைத்துவிட்டார்கள். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஒரு பெண்மணியின் மேல் சந்தேகம், சர்ச்சில் பார்த்தாலும் பேச்சில்லை.

நான் மறுபதிப்பு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடற்கரை, நீல வானம், மஞ்சள் வெயில் போட்ட போஸ்டர் அட்டை. அவர் சிரித்துவிட்டார். இந்த போஸ்டர்களை ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன், அந்த ஊர்களுக்குப் போக டிக்கெட் எடுத்ததில்லை என்றார்.

உங்களோடு என் சண்டையே இங்கேதான் சார். அட்டை ஒரு இங்கிலாந்தைக் காட்டுகிறது, உள்ளே இருப்பது வேறு இங்கிலாந்து. போஸ்டர்கள் ரயில் கம்பெனிகள் டிக்கெட் விற்கப் போட்ட விளம்பரங்கள். அதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். உள்ளே இருக்கும் நாவல்களோ கடன், வட்டி, உயில், காப்பீடு, கணக்கில் கையாடல் என்று பணத்தைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. 1932 வாக்கில் அந்த நாட்டில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். அதை இலக்கிய மேதைகள் எழுதினார்களோ இல்லையோ, இந்தச் சுமாரான எழுத்தாளர்கள் வேறு வழியில்லாமல் எழுதினார்கள். கொலைக்கு நம்பும்படியான காரணம் வேண்டுமே. வாசகனுக்கு உடனே புரிகிற காரணம் அப்போது ஒன்றுதான் இருந்தது.

மறுபடி உங்கள் 12.30க்கு வருகிறேன். 1934இல் வந்த நாவல், எழுதியவர் ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ். விமானத்தில் தாத்தா இறந்ததும் கதை பின்னால் போய், கொல்லப்போகிறவனோடு நம்மை உட்கார வைக்கிறது. சார்ல்ஸ் ஸ்வின்பர்ன், சின்ன மின்மோட்டார் செய்யும் தொழிற்சாலையின் முதலாளி. அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. அந்த மாமாதான் விமானத்தில் இறந்த தாத்தா. ஆர்டர் இல்லை. சம்பளம் கொடுக்கக் காசில்லை. வங்கி கைவிரிக்கிறது. மாமாவிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் அவர், மந்தநிலையெல்லாம் சாக்கு, நீ சரியாக உழைக்கவில்லை என்கிறார். இவன் கட்டிக்கொள்ள நினைக்கும் பெண்ணோ ஏழையைக் கட்டமாட்டாள். ஆலையை மூடினால் இத்தனை தொழிலாளிகள் தெருவுக்கு வருவார்களே, ஒரு கிழவரின் உயிர் பெரிதா, இத்தனை குடும்பம் பெரிதா என்று அவன் தனக்குத்தானே கணக்குப் போட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்வான் பாருங்கள், அங்கே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கணக்கில் பாதி உண்மை, பாதி அந்தப் பெண். எது எந்தப் பாதி என்று அவனுக்கே தெரியாது. கிராஃப்ட்ஸின் நடை தட்டையானது, உவமை கிடையாது, பெண்களை எழுதவே வராது. ஜூலியன் சைமன்ஸ் என்ற விமர்சகர் இந்த வகை ஆட்களுக்குச் சலிப்பூட்டுகிறவர்கள் என்று மொத்தமாக முத்திரை குத்திவிட்டார். ஆனால் ஒரு சின்ன முதலாளி ராத்திரி தூக்கம் வராமல் பேரேட்டைப் புரட்டுவதை எழுத அந்தத் தட்டையான கைதான் வேண்டும்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ் உங்கள் ஆள் சார். ரயில்வே எஞ்சினியர். வட அயர்லாந்தில் ரயில் பாதை வேலையில் இருந்தவர், நீண்ட நாள் நோயில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் எழுதிய ‘தி காஸ்க்’ 1920இல் வெளிவந்தது. 1929இல்தான் வேலையை விட்டார். நீங்கள் ரயில் கதை கேட்டால் அவருடைய ‘டெத் ஆன் த வே’ (1932) இருக்கிறது. ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலை நடக்கிற இடம், எஞ்சினியர்கள், கான்ட்ராக்டர்கள், அளவில் மோசடி. போஸ்டர் அட்டை வரிசையில் அது இல்லை, அதனால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. ஜார்ஜ் பெலேர்ஸ் வங்கி மேலாளர். மைக்கேல் கில்பர்ட் வழக்கறிஞர், வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து எழுதியவர். ஜான் பியூடின் ‘தி லேக் டிஸ்ட்ரிக்ட் மர்டர்’ (1935) நாவலில் இன்ஸ்பெக்டர் மெரிடித் பக்கம் பக்கமாக, பெட்ரோல் லாரி எந்தக் கடையில் எத்தனை கேலன் இறக்கியது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதிக்கொண்டிருப்பார். இதில் என்ன சுவாரசியம் என்று சிலர் கேட்பார்கள். சிக்னல் கேபினில் ரயில் பதிவேடு பார்த்தவர் நீங்கள் அப்படிக் கேட்கக் கூடாது. ஏமாற்றுகிறவன் மாட்டுவது அந்தப் பதிவேட்டில்தானே.

அப்புறம் உங்கள் மனைவி. இந்தக் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே எரிச்சல் வந்த இடம் அது. படிக்கக் கேட்பவருக்குக் கொடுக்காமல் படிக்காதவர் பூட்டி வைத்திருக்கிறீர்கள். மடக்கிப் படித்தால் என்ன? மடங்கட்டும். நீங்கள் இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு, அவன்தான் செய்தான், இல்லை அவள்தான் என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடுங்கள். கிராஃப்ட்ஸின் ‘தி ஹாக்ஸ் பேக் மிஸ்டரி’யில் (1933) கடைசியில் பிரெஞ்ச் என்ற இன்ஸ்பெக்டர் விடையைச் சொல்லும்போது ஒவ்வொரு துப்பும் முன்னால் எந்தப் பக்கத்தில் வந்தது என்று பக்க எண்ணே போட்டிருப்பார். தோற்றவர் திருப்பிப் பார்த்து ஒத்துக்கொள்ளத்தான் அது. தனியாகப் படித்தால் யாரிடம் தோற்பது? ஓய்வு பெற்ற பிறகு பகல் நீளமாக இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் நான் இங்கே தராத ஒரு பத்தியில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

முழு வரிசையையும் வாங்கலாமா என்று கேட்டீர்கள். இருப்பதைப் படித்த பிறகு அந்தக் கேள்வி உங்களுக்கே இருக்காது. 12.30இலிருந்து ஆரம்பியுங்கள். சார்ல்ஸ் மாமாவிடம் பணம் கேட்கப் போகும் அத்தியாயம் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மாமா பேசுவதில் நியாயம் இருக்கிறது என்று என் வீட்டில் ஒருவர் சாதிக்கிறார். எனக்கு ஒரு ஓட்டு வேண்டும்.