பேஸ்பால் லீக்கில் சேர ரொக்கமாகப் பணம் தரலாமா?

கேள்வி: நியூஜெர்சி, எடிசனில் வேலை பார்க்கிறேன். வயது 38. ஊரில் கிரிக்கெட் ஆடியவன். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பேஸ்பால் லீக்கில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். சீசன் கட்டணத்தை இப்போதே ரொக்கமாகக் கேட்கிறார். 31 வயதுத் தம்பியையும் அதே அணியில் சேர்த்துவிடலாமாம். மட்டையும் அவரே தருவாராம். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். இதற்கு இடையில் ஆளே தேவையில்லை. 1986-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஸ்டீவ் சிக்ளர் தொடங்கிய எம்.எஸ்.பி.எல். (மென்ஸ் சீனியர் பேஸ்பால் லீக்) போன்ற அமைப்புகளின் கீழ் ஊருக்கு ஊர் லீக்குகள் நடக்கின்றன. அணி இல்லாமல் தனியாக வருபவரை 'ஃப்ரீ ஏஜென்ட்' என்று லீக்கே பதிவு செய்துகொள்ளும். சீசனுக்கு முன் ஒரு நாள் வரச் சொல்லி எறியவும் அடிக்கவும் விட்டுப் பார்ப்பார்கள். ஆள் தேவைப்படும் மேனேஜர் உங்களை எடுத்துக்கொள்வார்.

என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் பதினான்கு பேரிடம் பணம் வாங்கினார். மே மாதம் பிறப்பதற்குள் அணியே இல்லை. லீக்கைக் கேட்டால், "உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லையே" என்றார்கள். கையில் ரசீது வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை.

அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவதுதான் முக்கியம். பெயர் இல்லாமல் ஆடி அடிபட்டால் லீக் எடுத்திருக்கும் விபத்துக் காப்பீடு உங்களுக்குக் கிடைக்காது. பெயர் இருந்தாலும் பெரும்பாலும் உங்கள் அலுவலக மருத்துவக் காப்பீடு கொடுத்ததுபோக மிச்சத்துக்குத்தான் அது வரும். இதை யாராவது முன்கூட்டிச் சொல்கிறார்களா? பக்கம் பக்கமாகப் படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடு என்கிறார்கள். எலும்பு முறிந்த பிறகுதான் விவரமே தெரிகிறது. இரண்டு வரியில் எழுதிக் கொடுக்க என்ன கஷ்டம்?

தம்பி விஷயத்துக்கு வருவோம். வயது குறைந்த ஓரிருவரைச் சில லீக்குகள் அனுமதிப்பது உண்மைதான். ஆனால் அது இரண்டு, மூன்று வயது குறைவானவருக்கான சலுகை. 35 பிரிவில் 33 வயதுக்காரரைச் சேர்ப்பார்கள், பிட்சராக, அதாவது மட்டை அடிப்பவருக்குப் பந்து எறிபவராக மட்டும் ஆட விடமாட்டார்கள். இந்த ஆண்டு டிசம்பருக்குள் 35 முடிகிறது என்றால் பல இடங்களில் இப்போதே 35 என்று கணக்கு. உங்கள் தம்பி இதில் எதிலும் வரமாட்டார். வேறு பெயரில் இறக்கினால் எதிரணி அடையாள அட்டை கேட்கும், ஆட்டமே பறிபோகும், முழு அணியும் உங்களைத்தான் திட்டும். 18 அல்லது 25 வயதுப் பிரிவில் அவர் தாராளமாக ஆடட்டும்.

மட்டையையும் அவரிடம் வாங்காதீர்கள். மர மட்டை மட்டும்தான் என்று சொல்லும் லீக்குகள் உண்டு, அதை முதலில் விசாரியுங்கள். மேப்பிள் மட்டை வாங்கினால் கைப்பிடியில் ஒரு சிறு மைப்புள்ளி இருக்கிறதா பாருங்கள். அதிலிருந்து மை மரத்தின் ரேகையோடு கசிந்திருக்கும். அந்தக் கோடு மட்டையின் நீளவாக்கில் நேராக ஓடினால் நல்ல மரம். பக்கவாட்டில் சாய்ந்தால் வேண்டாம், சீக்கிரம் உடையும், சில்லு பிட்சர் மேல்கூடப் பாயலாம்.

லீக்குக்கு இன்றே எழுதுங்கள். ஃப்ரீ ஏஜென்ட் பதிவு எப்போது, கட்டணம் யார் பெயரில் கட்ட வேண்டும், அணி கலைந்தால் பணம் திரும்புமா, இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.