ரெண்டு டிக்கெட் போட்டு வைக்கலாமா?

விமானப் பயணக் கேள்விகளுக்கு, முப்பது வருடம் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற திருச்சி வாசகி ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். முதல் பிரசவம். மார்ச் 18 என்று டாக்டர் நாள் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் இங்கே என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், தேதி இன்னும் முடிவாகவில்லை. மாப்பிள்ளை, "அத்தை, பிப்ரவரி 24-க்கு ஒண்ணு, மார்ச் 4-க்கு ஒண்ணு, ஒரே ஏர்லைன்ஸ்ல ரெண்டு ரிட்டர்ன் டிக்கெட் போட்டு வைக்கிறேன். எது தோதுப்படுதோ அதுல வாங்க, இன்னொண்ணை கேன்சல் பண்ணிக்கலாம்" என்கிறார். இது சரிவருமா?
— கும்பகோணம் வாசகி

பதில்: மாப்பிள்ளையின் அக்கறை புரிகிறது. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டு டிக்கெட்டிலும் திரும்பி வரும் தேதி என்ன? நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேர் போகும் தேதியை மட்டும் மாற்றி, வரும் தேதியை இரண்டிலும் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்படியானால் ஆகஸ்டில் ஒரே நாள், ஒரே விமானத்தில், ஒரே பெயரில் உங்களுக்கு இரண்டு சீட். ஏர்லைன்ஸின் கம்ப்யூட்டர் முதலில் தேடுவதே அதைத்தான்.

டூப்ளிகேட் புக்கிங் என்று இதற்குப் பெயர். ஒரே ஆள் ஏற முடியாத இரண்டு பயணத்தை ஒரே ஏர்லைன்ஸில் பிடித்து வைத்தால், ஒன்றையோ இரண்டையுமோ ரத்து செய்யும் உரிமையைப் பெரும்பாலான ஏர்லைன்ஸ் தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வேலையை ஆள் செய்வதில்லை. பெயர், தேதி, ஊர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து சிஸ்டமே அறுத்துவிடும். பிப்ரவரி 24, மார்ச் 4 என்று எட்டு நாள் இடைவெளி இருந்தால் தப்புமா என்றால், சில இடத்தில் தப்பும், சில இடத்தில் தப்பாது. நடுவில் திரும்பி வராமல் சென்னையிலிருந்து ஒருவர் இரண்டு முறை எப்படிக் கிளம்புவார் என்று சிஸ்டம் யோசிக்கும். நியாயமான சந்தேகம்தானே!

எது அறுபடும் என்பதும் நம் கையில் இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2011 மே மாதம். லால்குடி பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் டிராவல் ஏஜென்சி அலுவலகத்துக்கு வந்தார். சிகாகோவில் மகன். "பையனுக்குச் செலவு வைக்க வேண்டாம்மா" என்று மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் அடுக்கினார். வங்கியில் குத்திய பின்கூடக் கட்டிலிருந்து பிரிக்காமல் இருந்தது. டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். அதே வாரம் மகனும், அப்பாவுக்குத் தெரியாமல், ஏர்லைன்ஸின் இணையதளத்தில் அதே விமானத்தில் அப்பாவுக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிட்டார். அப்பா பணத்தைச் செலவு செய்துவிடக் கூடாது என்று அவருக்கு அவசரம்! சனிக்கிழமை மாலை நாங்கள் கடையடைத்த பிறகு எங்கள் சிஸ்டத்துக்கு ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது: ஒன்றை நீங்களே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் எடுப்போம். திங்கட்கிழமை காலை காபி டம்ளரோடு திரையைத் திறந்தால், HK என்று இருக்க வேண்டிய இடத்தில் HX. எச்.கே என்றால் சீட் உறுதி, எச்.எக்ஸ் என்றால் ஏர்லைன்ஸ் ரத்து செய்துவிட்டது என்று அர்த்தம். மகன் எடுத்ததைப் பார்த்தேன். அதுவும் போயிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், டிக்கெட் செத்துப்போகவில்லை. 13 இலக்க டிக்கெட் எண் உயிரோடுதான் இருந்தது, பணமும் அதற்குள்தான் இருந்தது. சீட்தான் இல்லை. பி.என்.ஆர் (சீட்டைப் பிடித்து வைக்கும் புக்கிங் பதிவு) வேறு, டிக்கெட் வேறு என்பது பலருக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியவரும். மே மாத சீசன்; பதினொரு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது, அதுவும் கூடுதல் கட்டணத்தில். வாத்தியார் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காதது எங்க தப்புதாம்மா" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மூன்று மாதம் கழித்து எங்களுக்கு ஏ.டி.எம் வேறு வந்தது. பணம் தரும் ஏ.டி.எம் இல்லை, ஏஜென்ட்டிடமிருந்து ஏர்லைன்ஸ் பணம் பிடுங்கும் அபராதச் சீட்டு!

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒரே ஒரு டிக்கெட் எடுங்கள், தேதி மாற்ற இடம் தரும் கட்டணத்தில். ஒரே விமானத்தில் ஒரே இருக்கைக்கு நாலைந்து விதக் கட்டணம் இருக்கும்; சேவர், ஃப்ளெக்ஸ் என்று பெயர் வைத்திருப்பார்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: மலிவான டிக்கெட் 1,05,000, ஃப்ளெக்ஸ் 1,18,000 என்று வையுங்கள். 13,000 அதிகம் என்று கை இழுத்துக்கொள்ளும். ஆனால் மாப்பிள்ளையின் வழியில் இரண்டு மலிவு டிக்கெட்டுக்கு 2,10,000 முடங்கும். ஒன்றை ரத்து செய்யும்போது 20,000 பிடித்தால், ஃப்ளெக்ஸைவிட 7,000 கூடுதல் நஷ்டம். ரீஃபண்ட் வரும் வரை லட்ச ரூபாய் வெளியே. ஒன்று மட்டும் கவனம்: "தேதி மாற்றக் கட்டணம் இல்லை" என்றால் அபராதம் இல்லை என்றுதான் பொருள். புதிய தேதியில் விலை கூடியிருந்தால் வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும். அதனால் மார்ச் 4-க்கு எடுத்துவிட்டு, ஆபரேஷன் தேதி தெரிந்த அன்றே, அன்றைக்கே, மாற்றுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளுவதில்தான் பணம் போகிறது.

மாப்பிள்ளை அங்கிருந்து நேரடியாக ஏர்லைன்ஸின் அமெரிக்க இணையதளத்தில் எடுப்பதானால் இன்னொரு வசதி. பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், அமெரிக்க அரசின் விதிப்படி ஏர்லைன்ஸ் ஒன்று 24 மணி நேரம் பணம் வாங்காமல் விலையைப் பிடித்து வைக்க வேண்டும், அல்லது 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணம் தர வேண்டும். ஏஜென்ட்டிடமோ வேறு புக்கிங் தளத்திலோ எடுத்தால் இந்த விதி கட்டாயப்படுத்தாது. ஒரு ராத்திரி யோசிக்க இது போதும். கண் ஆஸ்பத்திரி தேதி கொடுக்கும் வரை தாங்காது.

"இதில் போய்விட்டு, இன்னொன்றில் திரும்புகிறேன்" என்று மட்டும் நினைக்காதீர்கள். ரிட்டர்ன் டிக்கெட்டில் போகும் பாதியைப் பயன்படுத்தாமல் விட்டால், வரும் பாதியும் தானாக ரத்தாகிவிடும். வரிசையாகத்தான் கிழிக்க வேண்டும், அந்தக் காலத்துக் காகித டிக்கெட் கூப்பன் மாதிரி. 2008-ல் காகிதம் போய்விட்டது, அந்த விதி போகவில்லை.

திரும்பும் தேதியை ஐந்தரை மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள். விசிட்டர் விசாவில் இறங்குபவர்களுக்கு ஆறு மாதம் வரை தருவது வழக்கம், ஆனால் அங்கே இமிக்ரேஷன் அதிகாரி கொடுக்கும் தேதிதான் கணக்கு. போய் இறங்கியதும் அந்தத் தேதி இருக்கும் ஐ-94 பதிவைப் பார்த்துவிட்டுத் தேவையானால் மாற்றிக்கொள்ளலாம். பேரக் குழந்தையைப் பார்த்தபின் முன்கூட்டியே கிளம்பியவர்கள் என் அனுபவத்தில் குறைவு.

கேள்வி: தம்பிக்கு சிங்கப்பூரில் வேலை. பர்மிட் கடிதம் இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்கிறார்கள். திருச்சி–சிங்கப்பூர் ஒன்வே மலிவாக இருக்கிறது. இரண்டு வேறு கம்பெனியில், இரண்டு தேதிக்கு எடுத்து வைத்தால் என்ன?
— புதுக்கோட்டை வாசகர்

பதில்: எடுக்கலாம். பொதுவாக ஒரு கம்பெனியின் சிஸ்டம் இன்னொரு கம்பெனியின் பயணிகள் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒன்வே என்பதால் பின்பாதி ரத்தாகும் பயமும் இல்லை. திருச்சியிலிருந்து ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ என்று போட்டி இருக்கும் பாதை இது. சில நாள் டேட் சேஞ்ச் கட்டணத்தைவிட இன்னொரு டிக்கெட்டே மலிவாக இருக்கும்.

ஆனால் கடிதம் வரும் முன்பே ஏன் இரண்டு? ஒன்றுகூட வேண்டாம் என்பேன். பர்மிட் தள்ளிப்போனால் இரண்டும் தண்டம். கடிதம் கைக்கு வந்த அன்று எடுத்தால் ஆயிரம், இரண்டாயிரம் கூடும், அவ்வளவுதான். பரிட்சை ரிசல்ட் வருவதற்கு முன்பே இரண்டு காலேஜில் ஃபீஸ் கட்டுவார்களே, அந்தக் கதை.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், வேண்டாததை விமானம் கிளம்பும் முன் ரத்து செய்யுங்கள். "எப்படியும் ஒன்றும் வராது" என்று விட்டுவிடாதீர்கள். ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டாக இருந்தாலும், ஏறாமலே விட்டாலும், அரசு வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்தியக் கம்பெனிகளுக்கு டி.ஜி.சி.ஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பு) போட்ட விதி. கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து தருவதில்லை. வெளிநாட்டுக் கம்பெனி என்றால் அவர்கள் நாட்டு விதிப்படி. இந்தியாவில் கம்பெனித் தளத்தில் நேரடியாக எடுத்தால், பயணத்துக்கு ஏழு நாள் இருக்கும்பட்சத்தில் 24 மணி நேரத்துக்குள் தண்டமில்லாமல் ரத்து செய்யலாம் என்று இருந்தது. அதை 48 மணி நேரமாக்கி, பயணத்துக்கு இருக்க வேண்டிய நாளையும் மாற்ற 2025 நவம்பரில் ஒரு வரைவு விட்டார்கள். எடுக்கும் அன்று எது நடப்பில் இருக்கிறது என்று தளத்திலேயே படித்துவிடுங்கள். பெட்டிக்குத் தனியாகக் கட்டிய பணம் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு வராது என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கச்சேரிக்குப் போகும்போது வீணையைச் சரக்கில் போட மனம் வரவில்லை. அதற்கும் என் பெயரிலேயே ஒரு சீட் எடுத்தேன். ஒன்றை ரத்து செய்துவிட்டதாக மெயில் வந்திருக்கிறது!
— மயிலாப்பூர் வாசகி

பதில்: உங்கள் இரட்டைப் பிறவி என்று நினைத்திருக்கும் சிஸ்டம். வாத்தியத்துக்கு சீட் எடுக்கும்போது பெயர் இருக்கும் இடத்தில் CBBG என்ற குறியீடு போட வேண்டும்: கேபினில் சீட்டில் வைக்கும் பெட்டி என்று பொருள். பருமனானவர் தனக்கே இரண்டு சீட் எடுத்தால் EXST. இரண்டையும் பெரும்பாலும் இணையத்தில் போட முடியாது, ஏர்லைன்ஸுக்குப் போன் செய்துதான் போட வேண்டும். குடம், தண்டி, யாளி எல்லாம் சேர்த்து, பெட்டியோடு நீள அகல உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் உயர வரம்பு உண்டு, கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். ஒரே மரத்துண்டில் குடைந்த தஞ்சாவூரின் ஏகாண்ட வீணை என்றால், குடத்தைக் கழற்றவும் வழியில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். என் அப்பச்சி (அப்பா) பெயரும் என் மகன் பெயரும் ஒன்று. அப்பச்சியின் தகப்பனார் பெயர்தான் எனக்கு, அதனால் இனிஷியலும் ஒன்று. மூவரும் மலேசியா போகிறோம். டூப்ளிகேட் என்று அறுத்துவிடுவார்களா?
— தேவகோட்டை வாசகர்

பதில்: நல்ல கேள்வி, உங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு மூன்று முறை இந்தச் சிக்கலைப் பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். மூவரையும் ஒரே பி.என்.ஆரில் போடுங்கள், தனித்தனியாகப் போடாதீர்கள். அப்பச்சிக்கு மிஸ்டர், பையன் சிறுவன் என்றால் மாஸ்டர். இருவரின் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட் எண்ணையும் டிக்கெட் போடும்போதே ஏற்றிவிடுங்கள், செக்-இன் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பிறகு ஒரு முறை போன் செய்து, இருவரும் வெவ்வேறு பயணிகள் என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். கிளம்பும் முந்தின நாள் பி.என்.ஆரைத் திறந்து மூன்று பெயரும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் வாங்கியதும் ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்துவிடாதீர்கள். சீட் எண்ணைப் பார்த்து, அப்பச்சியின் பாஸ் பின்னால் பேனாவால் "பெரியவர்" என்று எழுதி, அவரவர் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக் கொடுங்கள். ஒரு குடும்பத்தில் எட்டு வயசுப் பேரன் தாத்தாவின் பாஸை நீட்ட, இமிக்ரேஷன் வரிசை முழுக்கக் கால் மணி நேரம் நின்றது.